தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ள அந்தோணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கூடிவிட்டது என்று படித்ததும் மனசு சங்கடப்பட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஊரடங்கு நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்கிறாய். இங்கேயும் அப்படித்தான், வந்த வழிதான் வேறு.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம். 61 நாளை அந்த வருஷம் குறைத்து மே 31-ஓடு முடித்தார்கள். தடைக்காலம் நமக்குப் புதிதில்லை. ஆனால் மற்ற வருஷங்களில் யாரும் சும்மா இருந்ததில்லையே. படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள், வெளியூர் வேலைக்குப் போவார்கள். அந்த வருஷம் எதற்கும் வழியில்லை. எங்கள் அண்ணனை உனக்குத் தெரியும். கரைவலைக் கயிறு இழுத்தே உரமேறிய உடம்பு. உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று அவருக்குத் தேவைப்பட்டதே கிடையாது. வேலை நின்றது, தட்டில் விழும் சோறு குறையவில்லை. ரேஷனில் இலவச அரிசி வந்தது. அது வராவிட்டால் பல வீட்டில் அடுப்பே எரிந்திருக்காது. ஆனால் மூன்று வேளையும் சோறு, தொட்டுக்கொள்ளக் கருவாடு, மதியம் தூக்கம் என்று ஆகிப்போனது. அடுத்த வருஷம் பரிசோதனையில் அண்ணனுக்கும் சர்க்கரை.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 187 நாடுகளில் செல்போன் செயலியில் பதிவான காலடிகளை எண்ணிப் பார்த்தார்கள். பெருந்தொற்று என்று அறிவித்த 30 நாளுக்குள் நடை 27 சதவீதம் குறைந்திருந்தது. உன்னைப் போன்றவர்கள் அதில் இருந்திருக்கலாம். கயிறு இழுப்பவன் எந்தச் செயலியில் பதிகிறான்? அவன் இழந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நல்லதும் நடந்தது. கடைகள் மூடியதால் ராத்திரி பரோட்டா நின்றது. அம்மா பழையபடி கேப்பைக்கூழ் காய்ச்சினார்கள், நொங்கும் கிடைத்தது. கடை திறந்ததும் கூழ் போன இடம் தெரியவில்லை. செல்போன் மட்டும் போகவில்லை. தங்கச்சி மகன் இடது கையில் போனைப் பிடித்தபடிதான் சாப்பிடுகிறான். அவன் கண் தட்டுக்கு வராததால், நகரை மீனை அவள் முள் எடுத்து எடுத்து வைக்கிறாள். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு முள் பார்த்துத் தின்னத் தெரியவில்லை, மாப்ள.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடந்தால் போதும். ராத்திரி சோற்றைக் குறைத்து மீனையும் காயையும் கூட்டிக்கொள், மீனைப் பொரிக்காமல் குழம்பு வை. மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

அண்ணன் இப்போது விடியற்காலையில் கடற்கரையோரம் நடக்கிறார், அதுவும் வெறுங்காலோடு. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் கிளிஞ்சல் கிழித்தாலும் உறைக்காமல் போகலாம், புண்ணும் லேசில் ஆறாது. நான் சொன்னால் கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்பார். பொங்கலுக்கு வரும்போது நல்ல செருப்பாக இரண்டு ஜோடி வாங்கி வா. அண்ணனுக்கு 9-ஆம் நம்பர்.

அன்புடன்,
சேவியர்