பேத்தியின் கண்களைப் பற்றி

திருகோணமலை

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. பிறவியிலேயே இரு கண்களிலும் வெண்புரையோடு இருந்த உமது பேத்திக்கு ஆறாவது வயதில் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் கண்ணாடி போட்ட பிறகும் மேசையில் இருக்கும் கோப்பையை அவளால் காட்ட முடியவில்லை என்றும், கோப்பையின் நிழலைத் தொட்டு அது என்னவென்று கேட்கிறாள் என்றும், கையில் எடுத்துக் கொடுத்தால் மட்டும் சட்டென்று பெயர் சொல்கிறாள் என்றும், இதைக் கண்டு உமது மகள் கலங்கிப்போயிருக்கிறாள் என்றும் எழுதியிருந்தீர். கண்கள் நன்றாக இருக்கின்றன என்று வைத்தியர் சொன்னதை நீர் நம்பலாம். கண் ஒளியை உள்ளே விடத் தொடங்கிவிட்டது. அதைப் பொருள்களாகப் பிரித்து அடுக்கும் வேலையை அவளது மனம் இப்போதுதான் பழகுகிறது.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பது பிறந்தது முதல் பார்த்துப் பழகிய நமக்குத் தெரிவதில்லை. கண்ணின் உட்பின்புறத்தில் உள்ள விழித்திரையில், ஒளியை உணரும் கலங்கள் 10 கோடிக்கும் மேல் இருக்கின்றன. அவை பெறும் செய்தியை ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. அவ்வளவும் இங்கே வெளிச்சம், அங்கே இருள், இது சிவப்பு, அது பச்சை என்ற செய்திதான். கோப்பை எங்கே முடிகிறது, மேசை எங்கே தொடங்குகிறது என்ற எல்லை அதில் குறிக்கப்பட்டிருப்பதில்லை. நிழலின் விளிம்பும் கோப்பையின் விளிம்பும் ஒளியளவில் ஒரே மாதிரியான மாற்றங்கள். ஒன்று பொருளுக்கு உரியது, மற்றது பொருளால் விழுந்தது என்று தீர்மானிப்பது மனம். ஆகவே பேத்தி நிழலைத் தொட்டுக் கேட்ட கேள்வி மிகவும் நியாயமான கேள்வி.

இந்த விடயத்தை ஒழுங்காக ஆராய்ந்தவர்களுள் மக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளரை நான் முதலில் சொல்வேன். அசையாத இரு கோடுகளை நொடியின் சிறு பகுதி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், ஒரே கோடு இடம் பெயர்வதாகவே நாம் காண்கிறோம் என்பதை 1912ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். பின்னர் 1923ஆம் ஆண்டுக் கட்டுரையில், சிதறிய புள்ளிகளை மனம் எந்த அடிப்படையில் குழுக்களாகச் சேர்க்கிறது என்று விளக்கினார். அருகருகே இருப்பவை, ஒன்றுபோல் இருப்பவை, ஒரே கோட்டில் தொடர்பவை ஒன்றாகத் தோன்றும். சிறு இடைவெளி இருந்தாலும் உருவம் மூடியதாகத் தோன்றும். இவற்றோடு அவர் சேர்த்த இன்னொன்றுதான் என்னை மிகவும் கவர்ந்தது: ஒன்றாக அசைபவை ஒரே பொருளாகத் தோன்றும்.

இதை நீரும் கண்ணால் கண்டிருக்கிறீர். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்குமே. இலைகளின் ஊடாக விழும் வெயில் நிலத்தில் வெள்ளைத் திட்டுகளை இறைத்திருக்க, மானின் முதுகிலுள்ள புள்ளிகளும் அவற்றோடு கலந்துவிடுவதால், சில அடி தூரத்தில் நின்றாலும் மான் இருப்பது தெரியாமல் போகும். அது எழுந்து ஓரடி வைத்த கணத்தில், அந்தப் புள்ளிகள் அத்தனையும் சேர்ந்து நகர, தலை, கழுத்து, முதுகு என்று முழு மானும் பிரிந்து வந்துவிடும். வெயிலும் நிறமும் மாறவில்லை. அசைவு ஒன்றுதான் புதிதாக வந்தது.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம், பேத்தியைப் போன்றவர்களிடம் இதுவே நேரடியாகக் கண்டறியப்பட்டிருப்பதுதான். மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா என்பவர் இந்தியாவில், பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்து அவர்கள் பார்க்கப் பழகுவதை ஆராயும் 'பிரகாஷ்' என்ற திட்டத்தை நடத்திவருகிறார். பிறவியிலிருந்தே பார்வையின்றி வளர்ந்து, காலம் தாழ்த்திச் சிகிச்சை பெற்ற மூவரைப் பற்றிய அவரது குழுவின் ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் சதுரத்தையும் வட்டத்தையும் காட்டினால், கோடுகள் அடைத்த ஒவ்வொரு துண்டையும் அவர்கள் தனிப்பொருளாகக் கருதினார்கள். படங்களிலும் நிறமோ வெளிச்சமோ மாறும் இடமெல்லாம் அவர்களுக்கு வேறு வேறு பொருள்களாயின. ஆனால் அதே உருவங்களை அசைத்துக் காட்டியபோது அவர்களால் சரியாகப் பிரிக்க முடிந்தது. மாதங்கள் சென்றபின், அசையாத படங்களிலும் பொருள்களைப் பிரித்தறியத் தேறினார்கள். அசைவுதான் முதல் ஆசிரியராக இருந்து மற்ற அடையாளங்களைக் கற்றுக்கொடுக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

கையில் கொடுத்தால் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை என்று நீர் எழுதியது பழைய கேள்வி ஒன்றைத் தொடுகிறது. தொட்டு மட்டுமே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிப் பார்வையற்றவர் பார்வை பெற்றால், தொடாமலே இரண்டையும் பிரித்தறிவாரா என்று வில்லியம் மொலினியூ என்ற அறிஞர் 1688இல் தத்துவஞானி ஜோன் லொக்கிடம் கேட்டார். பிரகாஷ் திட்டத்தின் பிள்ளைகளிடம் சோதித்துக் கிடைத்த விடை 2011இல் வெளிவந்தது: உடனே அறியவில்லை, ஆனால் சில நாள்களுக்குள்ளேயே தொடுகையும் பார்வையும் இணையத் தொடங்கின.

காலம் கடந்துவிட்டதே என்று நீர் வருந்தியதையும் நான் தள்ளிவிடவில்லை. மூளை ஆய்வாளர்களான ஹூபெலும் வீசெலும் பூனைக்குட்டிகளில் செய்த ஆய்வுகள், இளம்பருவத்தில் ஒளியுருவம் கிடைக்காத கண்ணுக்கு மூளையில் இடம் குறைந்துபோகும் என்று காட்டின. பேத்திக்கு நுண்ணிய எழுத்துகள் என்றும் கடினமாகவே இருக்கலாம்; முகங்களை அடையாளம் காணவும் அதிக காலம் எடுக்கலாம். ஆனால் பொருள்களைப் பிரித்தறியும் திறன் பிந்தியும் வளர்கிறது என்பதற்கு மேலே சொன்ன அந்த மூவருமே சான்று.

ஆகவே, வைத்தியர் சொல்லும் கண்ணாடி, மருந்து, கிளினிக் எதையும் விடாமல், வீட்டில் ஒன்று மட்டும் செய்துபாரும். கோப்பையை மேசையில் வைத்து "இது என்ன" என்று பரீட்சை வைக்காமல், அவள் கண்முன் அதை மெதுவாக நகர்த்தி, நகரும்போதே அவள் கையைப் பிடித்துத் தொடவிடும். பந்தை உருட்டிவிட்டுப் பிடிக்கச் சொல்லும். பின்னணி ஒரே நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. பூப்போட்ட மேசை விரிப்பை எடுத்துவிடும்படி மகளிடம் சொல்லும். அவள் தவறாகச் சொல்லும்போது யாரும் அழவோ திருத்தவோ அவசரப்பட வேண்டாம்.

மகளுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டும். அடுத்த கிளினிக்கில் வைத்தியர் என்ன சொன்னார் என்பதையும், நகரும் கோப்பையைப் பேத்தி எட்டிப் பிடித்தாளா என்பதையும் எனக்கு உடனே எழுதும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்