மகாராஜா கிணற்றுக்கு 12 நிமிடம்

இங்கிலாந்துச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மே மாதப் பயணத்தில் நடந்ததை உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார், அதனால் விலாவாரியாக எழுதவில்லை. துணிக்கடை வளாகத்தில் மூன்றரை மணி நேரம், மகாராஜா கிணறு இருக்கும் ஸ்டோக் ரோ கிராமத்தில் 12 நிமிடம். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

என் அப்பா நாற்பது வருடம் கிணறு வெட்டியவர். காசி மகாராஜா பணம் கொடுத்து ஆக்ஸ்போர்டுஷயரில் வெட்டிய கிணறு உங்கள் பட்டியலில் இருந்ததால்தான் கிளம்பினார். 368 அடி ஆழம், வாய் அகலம் 4 அடி, முழுக்கக் கையாலேயே தோண்டி 1864-இல் திறந்தது. முந்தின நாள் லண்டனில் பார்த்த செயின்ட் பால் தேவாலயத்தின் உயரமே 365 அடிதான். "அதைத் தூக்கி உள்ளே இறக்கினாலும் சிலுவை வெளியே தெரியாதுடா" என்று சிரித்தார். அவ்வளவு ஆழத்தில் மூச்சு எப்படி விட்டார்கள், மண்ணை எப்படி ஏற்றினார்கள் என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். கைத்தடியோடு இறங்கிச் சாலையைக் கடப்பதற்குள் ஹார்ன் அடித்துவிட்டார்கள். குவிமாடத்தையும் ராட்டினத்தின் மேலிருக்கும் பொன்னிற யானையையும் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. குறைந்தது ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று அங்கேயே கேட்டேன்.

"யாரோ ஒரு ராஜா கட்டியது" என்றார் வழிகாட்டி. அந்த யாரோ, ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டதற்காகத் தாயிடம் அடி வாங்கிய அந்தப் பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றி, இந்தியாவில் வேலை பார்த்த ரீட் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரிடம் சொல்லியிருந்தார். மகாராஜா அதை மறக்காமல் கிணறு கொடுத்தார். பராமரிப்புச் செலவுக்குப் பக்கத்திலேயே செர்ரித் தோப்பும் போட்டார்கள், பெயர் ஈஸ்ரீ பாக். வெள்ளைக்காரர் நம் ஊரில் கட்டிய பாலத்துக்கு அரை மணி நேரம் பெருமை பேசுகிறோம். நம் நாட்டுக்காரர் அங்கே கொடுத்த கிணற்றுக்கு ஒரு வரி!

தயிர்சாதம் மட்டும் தினமும் நேரத்துக்கு வந்தது, பொய் சொல்லக்கூடாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த குழுவுக்காவது அந்தக் கிணற்றடியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், கடையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. முடியாதென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
கடைசி சீட்டில் அப்பாவோடு வந்தவன்