'அம்மா, நான்தான்'

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தொலைத்த பர்ஸ்கூடத் திரும்பி வரும் ஜப்பானில் குற்றத்துக்கு உளவியல் எதற்கு என்று கேட்டிருந்தாய். அந்த நல்ல குணத்தையே தூண்டிலாக்கும் ஒரு மோசடி அங்கே உண்டு: 'ஒரே ஒரே சகி'. நம் காதுக்கு ஒரே தோழி மாதிரி இருக்கிறது, இல்லையா? ஜப்பானியத்தில் 'ஒரே' என்றால் நான், 'சகி' என்றால் மோசடி.

மோசடிக்காரன் வயதான தாய் ஒருத்திக்குப் போன் செய்து 'அம்மா, நான்தான்' என்பான். பெயர் சொல்ல மாட்டான். 'தகேஷியா?' என்று அவளே எடுத்துக் கொடுப்பாள். சளி, அதனால் குரல் மாறிவிட்டது. செல்பேசி எண்ணும் மாறிவிட்டது என்பான். இந்த இரண்டாம் பொய்தான் கெட்டிக்காரத்தனம். சந்தேகப்பட்டு மகனைக் கூப்பிட்டாலும் அந்த மோசடிக்காரனிடமே போய்ச் சேருமே! அப்புறம், ரயிலில் கம்பெனிப் பணம் தொலைந்த கதை; வங்கி மூடுவதற்குள் வேண்டும், அப்பாவிடம் சொல்லாதே. வக்கீலாகவும் போலீசாகவும் வேறு குரல்கள் வரும். இது மகன்தானா என்ற கேள்வியே அவளுக்கு எழாது. மானம் போகாமல் எப்படிச் சமாளிப்பது என்பதிலேயே மனம் நிற்கும். பிறருக்குத் தொந்தரவு தருவதை 'மெய்வாகு' என்பார்கள். அதற்கு அஞ்சியே பக்கத்து வீட்டில்கூடக் கேட்க மாட்டாள்.

2007இல் ஏடிஎம்மில் ரொக்கமாகச் செலுத்தி அனுப்ப 1 லட்சம் யென் உச்சவரம்பு வந்தது. பின்னாளில் வீட்டுக்கே ஆள் வந்து வாங்கிப்போவது பெருகியது. அந்த ஆளுக்கு 'உகெகோ' என்று பெயர். பெரும்பாலும் 'யாமி பைத்தோ' எனும் இருட்டு வேலை விளம்பரத்தில் சிக்கிய இளைஞன். முதலில் கும்பல்காரர்கள் இவனிடம் அடையாள அட்டைப் படம், வீட்டு முகவரி எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். விலகப் பார்த்தால் 'வீடு தெரியும்' என்று மிரட்டல். தாயைப் பூட்டிய அதே பயம் இவனையும் பூட்டுகிறது. கிழவர்களிடம் சும்மா தூங்கும் பணம்தானே என்ற சமாதானம் வேறு. குற்ற உணர்வை மழுங்கடிக்கும் இப்படிப்பட்ட சாக்குகளை அமெரிக்கச் சமூகவியலாளர்கள் சைக்ஸும் மட்ஸாவும் 1957லேயே வகைப்படுத்திவிட்டார்கள்.

இந்த வகை மோசடிகளில் 2024இல் மட்டும் போனது 7,000 கோடி யென்னுக்கு மேல். 'எச்சரிக்கை' என்று சுவரொட்டி ஒட்டிப் பயனில்லை என்பது என் எண்ணம். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 'நான் ஏமாற மாட்டேன்' என்றே இருந்தவர்கள். பழக்கம்தான் காக்கும். வீட்டுத் தொலைபேசியை எப்போதும் பதிவுக் கருவியில் விட்டுவைக்க வேண்டும், குரல் பதிவாவது மோசடிக்காரர்களுக்குப் பிடிக்காது. மகனின் பழைய எண்ணுக்கே கூப்பிட வேண்டும். ஒசாகாவில் 2025 ஆகஸ்ட் முதல், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏடிஎம்மை இயக்கியபடி செல்பேசியில் பேசக் கூடாதென்று விதியே வந்துவிட்டது. வயதானவர்களை அவமதிப்பதாகத் தோன்றலாம். எனக்குச் சரியாகவே படுகிறது. காதிலிருந்து அந்தக் குரலை எடுத்தால்தான் யோசிக்கவே முடியும்.

கடையில் திருடிச் சிறைக்கே திரும்பும் முதியவர்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது தனிக் கதை, அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
ரகு