இரண்டாம் பருவ நிறைவும் பிள்ளைகளின் தலைமுடிக் கட்டும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன. அறிவியல் கண்காட்சியும் வாசிப்பு வாரமும் சிறப்பாக நடந்தன. விடைத்தாள்கள் திருத்தப்பட்டு வருகின்றன. மதிப்பெண் அட்டை அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில் கைக்கு வரும். உழைத்த பிள்ளைகளுக்கும் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

விடுமுறைக்கு முன் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் தலையில் போட்டு வரும் ரப்பர் பேண்டு, கிளிப், ஊசி பற்றியது அது. வகுப்பாசிரியர்கள் இந்தப் பருவம் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குள் தலை வலிக்கிறது என்று மேசையில் கவிழ்ந்து படுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காதோரத்திலும் நெற்றியோரத்திலும் முடி உடைந்து குச்சி குச்சியாக நிற்கிறது. சின்ன வகுப்புகளில் ரப்பர் பேண்டு முடியோடு சிக்கிக்கொண்டு அழுகை. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஆறேழு மணி நேரம் ஒரு குழந்தையின் தலைத்தோலை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பொருளைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட எங்களால் முடியவில்லை.

முதலில் விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோளைத் தொடும் முடியைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். முடி வளர்க்கும் பையன்களுக்கும் இது பொருந்தும். ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கின் பக்கம் முடி தொங்கக் கூடாது, குனிந்து எழுதும்போது கண்ணில் விழக் கூடாது, பேன் எளிதில் பரவக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. இதில் எதற்கும் முடியை இறுக்கி இழுக்க வேண்டிய தேவை இல்லை. “பள்ளியில்தான் படிய வாரி இறுக்கிப் பின்னச் சொல்கிறார்கள்” என்று சில பெற்றோர் நினைப்பது தெரிகிறது. கட்டு அவிழாமல் இருந்தால் போதும். ஒன்றிரண்டு முடி பறப்பதை எந்த ஆசிரியரும் குறையாகச் சொல்ல மாட்டார்.

இறுக்கம் ஏன் கெடுதல்? ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லிய செதில்கள், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல, வேரிலிருந்து நுனி நோக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். துணி சுற்றாத ரப்பர் வழுக்காது. முடியைக் கவ்விப் பிடிக்கும். கழற்றும்போது அந்தச் செதில்களைப் பெயர்த்துக்கொண்டே வரும். நாள்தோறும் ஒரே இடத்தில் இது நடந்தால் அந்த இடத்தில் முடி அறுந்துவிடும். எண்ணெய் வைத்த தலையில் ரப்பர் இன்னும் சீக்கிரம் கெடுகிறது. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி, பிசுபிசுத்து, முடியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ரப்பரிலோ மேலே வெடிப்பு விழுந்திருக்கும். முடி அந்த வெடிப்பில் மாட்டும்.

இழுப்பு வேரில் விழுந்தால் விளைவு வேறு. நெற்றியோரம், நெற்றிப்பொட்டுப் பக்கம், காதுக்கு மேலே, வகிடு ஓரம் ஆகிய இடங்களில் முடி மெலியத் தொடங்கும். தோல் மருத்துவர்கள் இதை இழுவையால் வரும் முடி உதிர்வு என்கிறார்கள். ஆரம்பத்தில் வேர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்களும் சிவப்பும் தெரியும், தொட்டால் வலிக்கும். இந்தக் கட்டத்தில் கட்டைத் தளர்த்தினால் முடி திரும்ப வந்துவிடும். ஆனால் தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும் என்பதால் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஆண்டுக்கணக்கில் இழுப்பு தொடர்ந்தால் வேர்க்கால் தழும்பாகிவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் முடி முளைக்காது.

தலைவலியையும் பிள்ளையின் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். இறுக்கமான ஹேர் பேண்டின் அழுத்தத்தால் வரும் வலியும், குதிரைவால் போன்ற கட்டின் இழுப்பால் வரும் வலியும் சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் தனித்தனியே இடம்பெற்றவை. கட்டு இருக்கும்போதுதான் வலிக்கும். கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிடும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சீப்பில் வரும் முடியையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் குட்டையான துண்டுகளாக வந்தால் முடி உடைகிறது என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது எண்ணெயையும் ஷாம்புவையும் அல்ல, கட்டும் பொருளையும் கட்டும் முறையையும்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: பின்னல் நுனிக்குத் துணி சுற்றிய எலாஸ்டிக் பேண்டு போதும். வளையம் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு முனைகளையும் உலோகத் துண்டால் இணைத்திருந்தால் வேண்டாம், முடி மாட்டுவதே அந்த இணைப்பில்தான். குதிரைவாலுக்கு ஸ்க்ரன்ச்சி (எலாஸ்டிக்கை உள்ளே வைத்துச் சுருக்கித் தைத்த துணி வளையம்) நல்லது. 1987இல் ரோமி ரெவ்சன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த எளிய பொருளில், சுருக்குத் துணி எலாஸ்டிக்கின் அழுத்தத்தை அகலமாகப் பரப்பிவிடுகிறது. சாட்டின் துணி என்றால் உராய்வு இன்னும் குறைவு. ஆனால் மெல்லிய, வழுக்கும் முடியில் சாட்டின் நிற்காது. அங்கே பருத்தித் துணிதான் சரி. டெலிபோன் ஒயர் போன்ற சுருள் பேண்டு நேரான முடிக்குப் பொருந்தும், கட்டிய தடமும் அதிகம் விழாது. சுருள் முடிக்கு மட்டும் அதை வாங்காதீர்கள். வளைவுகளுக்குள் முடி புகுந்து முடிச்சாகிவிடும்.

ரிப்பனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பளபளப்பான ரிப்பன் வழுக்குகிறது, வழுக்குவதால் அம்மாக்கள் இன்னும் இழுத்து முடிச்சுப் போடுகிறார்கள். முதலில் துணி பேண்டைப் போட்டுவிட்டு அதன் மேல் ரிப்பனை அழகுக்குக் கட்டினால் இழுக்கவே வேண்டாம். நெருப்பில் காட்டிப் பிரியாமல் செய்த நைலான் ரிப்பனின் ஓரம் கெட்டியாகிக் கழுத்தைக் கீறும். அதை உள்பக்கமாக மடித்துத் தைத்துவிடுங்கள்.

கிளிப் வாங்கியதும் பஞ்சுச் சோதனை செய்யுங்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கிளிப்பின் பற்கள், ஓரங்கள், கீல் எல்லாவற்றின் மேலும் மெதுவாக இழுங்கள். எங்கெல்லாம் பஞ்சு இழை மாட்டுகிறதோ அங்கெல்லாம் முடியும் மாட்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் இரண்டு பாதிகள் சேரும் கோடு கத்திபோல நிற்பது வழக்கம். நகம் தேய்க்கும் அட்டையால் தேய்த்து மழுக்கலாம், மழுங்காவிட்டால் போடாதீர்கள். நெற்றியில் விழும் குட்டை முடிக்கு டிக்டாக் கிளிப் போதும். ஒரு கிளிப்பில் பென்சில் கனத்துக்கு மேல் முடி அடைக்க வேண்டாம், தினமும் ஒரே இடத்திலும் குத்த வேண்டாம்.

நெளிவுள்ள கருப்பு ஊசியைப் பலர் தலைகீழாகக் குத்துகிறார்கள். நெளிந்த கால் தலைத்தோல் பக்கம் இருக்க வேண்டும், நேரான கால் வெளியே. அப்போதுதான் பிடிக்கும், நான்கு ஊசி வேண்டிய இடத்தில் இரண்டைப் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் போட்டாலே நிற்கும். நுனியில் உள்ள சின்னக் குமிழ் பூச்சு போய்விட்டால் அந்த ஊசியைத் தூக்கி எறியுங்கள், அது தோலைக் கிழிக்கும். பல்லால் ஊசியைப் பிரிக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்கிறார்கள்; முன்பல் விளிம்பு சிதையும். உலோகக் கிளிப் படும் இடத்தில் அரிப்பும் தடிப்பும் வந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், பிளாஸ்டிக்குக்கு மாறிப் பாருங்கள்.

இனி கட்டும் முறை. ஈரத்தலையில் பின்னாதீர்கள். நனைந்த முடி எளிதில் நீளும், அளவு மீறி நீண்டால் பழையபடி சுருங்காமல் அறுந்துவிடும். பின்னல் காயும்போது இறுக்கமும் மாறும். காலையில் குளித்துக் காயவைக்க நேரமில்லாத வீடுகளில் முந்தைய நாள் மாலையே தலைக்குக் குளிப்பாட்டிவிடலாம். சிக்கெடுக்கும்போது அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி, நான்கு விரல் நான்கு விரலாக மேலே ஏறுங்கள். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குப் போகாது. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக வாரினால் எல்லாச் சிக்கும் கீழே சேர்ந்து ஒரு முடிச்சாகும்.

வகிட்டை வாரத்துக்கு ஒருமுறை ஒரு விரல் அகலம் தள்ளி எடுங்கள். பின்னலின் முதல் இரண்டு மூன்று மடிப்பைத் தளர்வாக விட்டு, அதற்குக் கீழே வேண்டுமானால் இறுக்குங்கள். பின்னல் அவிழாமல் பிடிப்பது கீழ்ப்பகுதிதான். நுனியில் மூன்று நான்கு செ.மீ. விட்டு, பேண்டை இரண்டு அல்லது மூன்று சுற்று சுற்றினால் போதும். இனிச் சுற்றவே முடியாது என்னும்வரை சுற்றுவது கூடாது. முடிந்ததும் பிள்ளையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித்தோல் இழுத்துப் பிடித்தாலோ, வகிடு ஓரத்தில் தோல் கூடாரம்போல எழும்பி நின்றாலோ அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள். பேண்டுக்குள் உங்கள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். பள்ளிவிட்டு வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். இரவில் தளர்ந்த ஒற்றைப் பின்னல் போதும். சிக்கிக்கொண்ட ரப்பர் பேண்டை இழுக்காமல், முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் ரப்பரை மட்டும் வெட்டி எடுங்கள்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. அடுத்த பருவத்தின் முதல் நாளிலிருந்து துணி சுற்றாத ரப்பர் பேண்டுக்கும், உலோக இணைப்புள்ள பேண்டுக்கும், முனைக் குமிழ் போன ஊசிக்கும் பள்ளியில் அனுமதி இல்லை. விளையாட்டு வகுப்பில் கிளட்சரும் கெட்டியான பிளாஸ்டிக் ஹேர் பேண்டும் கழற்றப்படும். பின்புறமாக விழும் பிள்ளையின் தலையில் கிளட்சர் பற்கள் இறங்கிவிடும். ரப்பர் பேண்டை வளையலாகக் கையில் மாட்டி வருவதும் கூடாது. தவறிப் போட்டு வந்தால் பிள்ளையை வெளியே நிறுத்த மாட்டோம், எல்லார் முன்னாலும் கேட்கவும் மாட்டோம். ஆசிரியை அதை எடுத்துவிட்டுப் புதிய துணி பேண்டு போட்டு விடுவார்; டைரியில் குறிப்பு வரும். மூன்றாம் முறையும் அதே நடந்தால் உங்களை அழைத்துப் பேசுவோம். ஆசிரியை எழுதி அனுப்பிய மறுநாளே அதே ரப்பர் பேண்டுடன் பிள்ளை வருவதை ஏற்க முடியாது. வலிப்பது குழந்தைக்கு, முடிவெடுக்கும் பெரியவர்கள் நாம்.

பிள்ளையின் பையில் பெயர் எழுதிய சின்னப் பையில் இரண்டு துணி பேண்டு கூடுதலாக வைத்தனுப்புங்கள். சீப்பு, பேண்டு, கிளிப் எதையும் தோழிகளுடன் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். நெற்றியோரம் முடி மெலிந்தோ பருக்கள் தொடர்ந்தோ இருந்தால் விடுமுறையிலேயே தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

காலை நேரம் எவ்வளவு நெருக்கும் என்பதை நாங்கள் அறிவோம். இரட்டைப் பின்னலுக்கு நேரமில்லை என்றால் ஒற்றைப் பின்னல் போதும். தளர்ந்த குதிரைவாலும் சரி. முடியைத் தோளுக்கு மேலே வெட்டிவிடுவதும் முழுக்க உங்கள் விருப்பம், அதனால் எந்தப் பிள்ளைக்கும் குறை வராது. அப்பாக்களும் தாத்தா பாட்டிகளும் பின்னிவிடும் வீடுகள் பல. இந்தக் கடிதத்தை அவர்களிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆசிரியைகள் சொன்னதும் உடனே மாற்றிக்கொண்ட பெற்றோர் பலர். உங்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் பிள்ளைகளைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த பருவத்தின் முதல் பெற்றோர் கூட்டத்தில், பின்னும் முறையைச் செய்து காட்ட அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வீட்டில் இருக்கும் கிளிப்புகளையும் சீப்பையும் கொண்டு வாருங்கள்; பஞ்சு இங்கே இருக்கும்.

விடுமுறை நல்லபடியாக அமையட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்