இடுக்கி ஏலத்தோட்ட முதலாளிமார்களுக்கு ஒரு மடல்

முதலாளிமாரே, வணக்கம். விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக உங்கள் தோட்டங்களுக்குக் காய் எடுக்க வருகிற பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. பூச்சிமருந்துக் குப்பியைத் தொட்டதே இல்லை, ஆனாலும் சில நாள் சாயங்காலம் அவள் சேலையில் மருந்து வாடை அடிக்கிறது. தலைவலி, ஓங்கரிப்பு, கண்ணில் தண்ணீர். கேட்டால், "கீழ்ச்சரிவில மருந்தடிக்கிற மோட்டார் ஓடுச்சு, நாங்க மேல காய் எடுத்துட்டு இருந்தோம்" என்கிறாள்.

இதை உங்களில் ஒருவரிடம் சொன்னபோது "மாஸ்க் கொடுத்தாச்சே" என்றார். துணி மாஸ்க்! அது தூசிக்கே அரைகுறை, மருந்தின் ஆவிக்குக் கரி அடைத்த கேட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். மருந்தடிக்கிறவருக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும், 1971 பூச்சிக்கொல்லி விதிகளிலேயே பாதுகாப்பு உடை, மூச்சுக் கருவி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மேடேறிக் காய் எடுக்க யாராலும் முடியாது. நிழல்மரங்களுக்கு அடியில் காற்றும் அதிகம் அசையாது, இலைப்பேன் பூச்சிக்கு அடிக்கிற பொடிச்சாரல் அங்கேயே தொங்கும், அதனால் மருந்தடிக்கிற அன்றைக்குக் காய் எடுப்பவர்களை வேறு சரிவுக்கு அனுப்புங்கள், அடித்த இடத்துக்கு மறுநாள் வரையாவது விடாதீர்கள்.

அப்புறம், எவ்வளவு உள்ளே போகிறது என்பதை மூக்கை வைத்து அளக்க முடியாது. சட்டைக் காலரில் சின்ன பம்ப் மாட்டி ஒரு ஷிப்ட் காற்றை இழுத்துச் சோதிக்கலாம், அது செலவுதான். ரத்தப் பரிசோதனை அவ்வளவு ஆகாது. க்வினால்பாஸ், குளோர்பைரிபாஸ் வகை மருந்துகள் நரம்புகள் ஒழுங்காக இயங்கத் தேவையான கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன, அதன் இயல்பளவு ஆளுக்கு ஆள் வேறு, ஆகவே தலை சுற்றிய பிறகு ஒரு தடவை பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதிக் கொடுப்பதில் பெரிதாக அர்த்தமில்லை. சீசனுக்கு முன்பே ஒரு அளவு எடுத்து வைக்கவேண்டும். கலிபோர்னியாவில் மருந்து கையாள்பவர்களுக்கு இதுதான் முறை: சிவப்பணுவில் அந்த அளவு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வேலைமுறையை ஆராய்வார்கள், 30 சதவீதம் குறைந்தால் ஆளை மருந்திலிருந்து விலக்கிவிடுவார்கள். திரும்ப ஏற வாரங்கள், சில சமயம் மாதங்கள் பிடிக்கும், நீங்களோ அதற்குள் அடுத்த ரவுண்டு அடித்துவிடுகிறீர்கள்.

உங்களில் பலர் எங்கள் கம்பம், போடிக்காரர்கள்தான், அந்த உரிமையில் கேட்கிறேன். நாளைக்கு எந்தச் சரிவில் மருந்தடி என்று முந்தின நாளே ஜீப் டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள். அதற்கு ஒரு போன் போதும்.