படபடப்பு நேரத்தில் உடன் நின்றவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும் கடைக்கு வரும் அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக நெஞ்சு திடீர் திடீரென்று படபடவென அடித்துக்கொண்டது. வயிறும் ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் போகாது, மறுநாள் நிற்காது, எப்போதும் உப்புசம். இப்போது நன்றாக இருக்கிறேன். யார் யாரால் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எதிர்வீட்டு ஆட்டோ அண்ணனுக்கு. "வாயுதான், சோடா குடி" என்று ஆளாளுக்குச் சொன்னபோது, "அதை டாக்டர் சொல்லட்டும், ஏறும்மா" என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர். அங்கே ஈசிஜி எடுத்து, ரத்தமும் தைராய்டும் பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. ஹீமோகுளோபின்தான் குறைவு, அதுவே படபடப்பைக் கொண்டுவரும் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் யோசிக்காமல் ஓடி வரச் சொன்ன டாக்டருக்கும், கூச்சப்பட்ட என்மேல் போர்வையை இழுத்துவிட்ட நர்ஸம்மாவுக்கும் நன்றி.

வயிற்றுக்காகப் போனது வண்ணாரப்பேட்டை ஆயுர்வேத டாக்டரம்மாவிடம். நாடி பார்ப்பதற்கு முன்னால் அவர் கேட்டது ஈசிஜி சீட்டை. அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் கேள்விகள். பசித்தால் உடனே சாப்பிடுவீர்களா? தாகம் எடுத்தால்? ஒன்றுக்கு வந்தால் போவீர்களா, அடக்குவீர்களா? எத்தனை மணிக்குத் தூக்கம்? இட்லித் தட்டை இறக்கும்போது எந்தக் கடைக்காரி ஒன்றுக்குப் போவாள்? மூன்று மணிக்கு எழுந்து, டீயிலேயே பதினொரு மணி வரை ஓட்டுகிற பிழைப்பு. அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடம்பு தானாகக் கேட்கும் தேவைகள் என்று, பழைய ஆயுர்வேத நூலை எழுதிய சரகர் 13 சொல்லியிருக்கிறாராம்: மலம், சிறுநீர், தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர்கூட உண்டு. கீழே போக வேண்டிய வாயுவை அடக்கினால் மேலே திரும்பி வயிற்றை உப்பவைத்து நெஞ்சையும் படபடக்க வைக்கும், அதற்கு உதாவர்த்தம் என்று பெயர் என்றார். ஒரு நாள் ஜீரணித்து ஒரு நாள் ஜீரணிக்காத என் வயிற்றுக்கு விஷமாக்னி என்று பெயர். அந்த 13 வேகங்களை அவர் விரல்விட்டு எண்ணும்போது, அதில் பாதியை அடக்குவது என் தினசரி வேலையாகவே இருந்தது!

மருந்து என்று பார்த்தால் கொஞ்சம்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் சேர்ந்த அஷ்ட சூரணம். சூடான சோற்றில் நெய் விட்டு முதல் கவளத்தோடு. ஸ்டான்லி மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. டீ இரும்பைச் சேரவிடாது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள் என்றார். பக்கத்து வீட்டக்கா வயிற்றுக்கு நல்லதென்று கொடுத்த அதிமதுரத்தை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவைத்தார். அது அளவு மீறினால் ரத்தக்கொதிப்பை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே குழப்பிவிடுமாம். கோபித்துக்கொள்ளாமல் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்ட அக்காவுக்கும் நன்றி.

ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைப் பெரியவரை எப்படி மறப்பேன்! இதயத்துக்கு நல்லதென்று யாரோ சொன்னார்கள் என்று மருதம்பட்டையும் கேட்டேன். "சீட்டுல இல்லையே. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்ககூட இதைக் கேட்டுட்டு வராங்க, அதோட சேர்ந்தா ஆகாது. டாக்டர் எழுதினா தரேன்" என்று சூரணத்தை மட்டும் மடித்துக் கொடுத்தார். வியாபாரம் போனால் போகட்டும் என்று இருக்கிற ஆள் இந்தக் காலத்தில் அபூர்வம்.

மாமியார் தினமும் மதியம் பெருங்காயம் போட்டு மோர் கடைந்து வைக்கிறார். வாங்கிக் குடிக்கும்வரை நகர மாட்டார்.

என்னைக் கேட்டால் சூரணமும் மாத்திரையும் செய்ததில் பாதியை, எட்டரை மணிக்குக் கடையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி நான் உட்கார்ந்து சாப்பிடுவது செய்திருக்கிறது. அதற்கு ஒத்துக்கொண்டவர்கள் நீங்கள். அந்த நேரத்தில் பார்சல் கேட்டுத் தட்டாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கு நன்றி. சில பேர் தாங்களே இட்லி எடுத்து, கல்லாவில் சில்லறையும் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் கார சட்னி பாத்திரத்தையும் மூடி வைத்தால் இன்னொரு நன்றி சொல்வேன்.