இலவச மென்பொருளோடு ஒட்டி வருவதற்கும் ஒரு விதி வேண்டும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் கணினி பழுது பார்ப்பது, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என்று சிறிய கடை நடத்தி வருகிறேன். 2023 நவம்பர் 30 அன்று நீங்கள் வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்களைப் படித்தேன். மக்களை ஏமாற்றுகிற 13 வகைத் திரைத் தந்திரங்களை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவசியமான வேலை. ஆனால் என் மேசைக்கு வரும் கணினிகளில் நான் ஓயாமல் பார்க்கிற ஒரு தந்திரம் அந்தப் பட்டியலில் நேராக இல்லை. இலவச மென்பொருளை நிறுவும்போது அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிற விளம்பர மென்பொருளைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். பாஸ்போர்ட், விசா, படிப்புச் சான்றிதழ் என்று எதையாவது ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு பக்கத்தை ஒரே பிடிஎஃப் ஆக்கணும், ஃபைல் அளவைக் குறைக்கணும். தேடினால் இலவசக் கருவி கிடைக்கிறது. இறக்கித் திறந்தால் முதல் திரையில் உரிம ஒப்பந்தம். 'ஏற்கிறேன்' என்பதை அழுத்துகிறார்கள். அடுத்த திரையும் அச்சு அசலாக அதே மாதிரி: அதே கட்டம், அதே பொடி எழுத்து, அதே இடத்தில் அதே பொத்தான். ஆனால் இந்த ஒப்பந்தம் வேறு ஏதோ ஒரு கம்பெனியின் தேடல் கருவிக்கானது. 'வேண்டாம்' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். அதை அழுத்தினால் மொத்த வேலையும் நின்றுவிடுமோ என்று யாருக்கும் பயம் வரும். இன்னும் சிலவற்றில் 'எக்ஸ்பிரஸ், பரிந்துரைக்கப்படுவது' என்பது முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். 'கஸ்டம்' பக்கம் போனால்தான் உள்ளே டிக் போட்டு வைத்த பெட்டிகளே கண்ணில் படும். இத்தனையும் ஆங்கிலத்தில்.

மறுநாளிலிருந்து பிரவுசரின் தேடல் பக்கம் மாறியிருக்கும். "காக்கா (எங்கள் ஊரில் அண்ணன் என்று அர்த்தம்), நான் ஒண்ணுமே போடலையே, தானா வந்திருக்கு" என்றுதான் கொண்டு வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் கணக்கில் அவர்கள் சம்மதம் கொடுத்தவர்கள்.

விளம்பரம்தானே, தொல்லை என்றாலும் ஆபத்தில்லையே என்று நினைக்க வேண்டாம். மாறிப்போன தேடல் பக்கத்தில் பாஸ்போர்ட் என்று அடித்தால் காசு கொடுத்து மேலே ஏறிய இணைப்புகள் முதலில் வரும். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குக் கூடுதல் பணம் கறக்கும் போலித் தளங்கள் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. மக்களை அப்படிப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வழியாக இது ஆகிவிடுகிறது.

இதன் பின்னால் பெரிய வியாபாரம் இருக்கிறது. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படி ஒரு மென்பொருளை ஒரு கணினியில் ஏற்றிவிட 10 சென்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை கைமாறுகிறது. வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட பதிவிறக்க முயற்சிகள் இந்த வழியில் நடப்பதாகவும் அதில் கணக்கிட்டிருந்தார்கள். இலவசமாகக் கொடுப்பவருக்கும் வருமானம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவரும் தரகு எடுக்கத்தான் செய்கிறார், ஆனால் எவ்வளவு என்பது படகுக்காரருக்குத் தெரியும். இங்கே தரகு எடுப்பதே தெரியாமல் இருக்கும்படி திரையை வடிவமைக்கிறார்கள்.

பெயர் பெற்ற இடங்களும் இதைச் செய்திருக்கின்றன. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா மென்பொருளோடு, பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஆஸ்க் டூல்பார் என்ற தேடல் பட்டை பல வருஷம் வந்தது. திறமூல மென்பொருள்களின் (நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை) தாய்வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் 2013-ல் இதே வழியில் இறங்கியது. அந்த ஆண்டே புகைப்படங்களைத் திருத்த உதவும் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு அங்கிருந்து வெளியேறியது. 2015-ல் கைவிடப்பட்ட அந்தப் பக்கத்தையே எடுத்து, விளம்பரம் சுற்றிய நிறுவியை (மென்பொருளை நிறுவும் ஃபைலை) சோர்ஸ்ஃபோர்ஜ்காரர்கள் அதில் வைத்தார்கள். 2016-ல் நிறுவனம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் முதல் வேலையாக அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். போன நம்பிக்கையை மீட்க அதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு தடவை சூடுபட்டவர்கள் அப்புறம் எதற்குமே 'சரி' கொடுப்பதில்லை. விண்டோஸ் அப்டேட் கேட்டால் மூடிவிடுகிறார்கள். பிரவுசர் பாதுகாப்புத் திருத்தம் கேட்டாலும் மூடிவிடுகிறார்கள். இலவசம் என்றாலே ஏதோ வில்லங்கம் என்று ஒதுங்குகிறார்கள். நேர்மையாக எழுதப்பட்ட லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் போன்ற ஒன்றை நான் போட்டுக் கொடுத்தாலும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஏமாற்றியவன் எங்கோ இருக்கிறான், அதற்கான விலையை நேர்மையாக எழுதியவர்களும் பழைய மென்பொருளோடு ஆபத்தில் இருக்கும் மக்களும் கொடுக்கிறார்கள். எனக்கு இதுதான் மிகப் பெரிய வருத்தம்.

இப்போது உங்கள் விதிக்கு வருகிறேன். ஆன்லைனில் வாங்கும்போது கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதைத் தடுக்கிறீர்கள். ஆனால் அதன் விளக்கம், கட்ட வேண்டிய தொகை கூடினால் என்று பணத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. இலவச மென்பொருளில் தொகையே கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நுகர்வோர் என்பவரை விலை கொடுத்து வாங்குபவராகவே பார்க்கிறது. திரையை வைத்துத் திசைதிருப்புவது, மறைமுக விளம்பரம் ஆகிய வகைகள் ஓரளவு பொருந்துகின்றன, ஆனால் விலையே இல்லாத இடத்தில் அவை செல்லுமா என்று ஒரு வக்கீல் எளிதாக வாதாடலாம்.

அமெரிக்காவில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. கணினி நிறுவனமான லெனோவா 2014-ல் மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது. வங்கித் தளம் அசல்தான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைக்கூட அது மாற்றி வைத்தது. 2017-ல் வந்த சமரசத்தில் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டியதோடு, இனி இந்த வகை மென்பொருளை ஏற்றும் முன் வாங்குபவரின் வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும் என்றும் ஆணையாயிற்று.

நம்மிடமும் அதே வேண்டும். கூட வரும் மென்பொருளுக்குத் தனித் திரை, முன்கூட்டியே டிக் போடாத பெட்டி, ஒரே அளவு ஒரே நிறத்தில் இரண்டு பொத்தான்கள். இதைச் சேர்க்கப் பணம் கொடுத்தவர் யார் என்ற ஒரு வரி, தமிழிலும். நீக்கினால் மாற்றிய தேடல் பக்கமும் பழையபடி திரும்ப வேண்டும். முதலில், காசு கொடுக்காமல் மென்பொருள் நிறுவுகிறவர் இந்த வழிகாட்டுதலின்படி நுகர்வோரா இல்லையா என்பதை எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். நான் பார்த்த நிறுவிகளின் ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு, எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்று சொன்னால் உடனே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கீழக்கரையிலிருந்து ஒரு கணினிக் கடைக்காரர்